வண்டிக்குப் பின்னால் நின்றவள்

வண்டியையே வீடாக்கி ஊர் சுற்றுகிறவர்கள் வந்து தங்கும் எங்கள் முகாமில் டெலிவிஷன் தேவையே இல்லை. சாயங்காலம் புதிதாக ஒரு வீட்டு வண்டி உள்ளே நுழைந்தால் போதும், மடக்கு நாற்காலியையும் பீரையும் எடுத்துக்கொண்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். புருஷன் வண்டியைப் பின்னால் எடுப்பான். பெண்டாட்டி பின்னால் நின்று கையை ஆட்டுவாள். அவள் இடது என்பாள், இவன் வலது போவான். பைப்பை இடிப்பான், மின்கம்பத்தை உரசுவான், இறங்கி வந்து அவளைத் திட்டுவான். காலமெல்லாம் ஒரே கட்டிலில் படுத்த ஜோடி, வண்டி ஓரமாக நிற்பதற்குள் விவாகரத்து வரை போய்விட்டுத் திரும்பும். அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், பாவிகள்.

நான் க்ளெண்டா. நம்பக்கா ஆறு கடலில் விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் இந்த முகாமின் காவல்காரி. கட்டணம் வாங்குவது, கழிப்பறை கழுவுவது, நாயைக் கட்டிப்போடு என்று கத்துவது, இதுதான் என் வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். இருக்கட்டும். வாய் இல்லாவிட்டால் இந்த ஆட்களோடு குப்பை கொட்ட முடியாது.

நோலீனும் எராலும் முதன்முதலில் வந்த அன்று எல்லோருக்கும் ஏமாற்றம். பழைய பள்ளிக்கூட பஸ் ஒன்றை வாங்கி, இருக்கைகளைப் பிடுங்கிப்போட்டு, எரால் தன் கையாலேயே வீடாக்கிய வண்டி அது. நீளமான வண்டி. நோலீன் இறங்கி, பின்பக்கத் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினாள். எட்டிப் போய் நின்றாள். கையை ஆட்டவே இல்லை. ஒரு வாக்கி-டாக்கியை வாயருகே வைத்துக்கொண்டு மெல்லப் பேசினாள். பஸ் ஒரே மூச்சில் இரண்டு மரங்களுக்கு நடுவே வந்து நின்றது.

"என்னய்யா இது, ஒரு சண்டை இல்ல, ஒரு சத்தம் இல்ல" என்று நெவில் நாற்காலியை மடக்கினான். நெவில் எங்கள் முகாமின் சகலகலா வல்லவன். யார் வண்டி வந்தாலும் ஓடிப் போய் நின்று கை காட்டுவான், யாரும் கேட்காமலே.

பஸ்ஸிலிருந்து இரண்டு நாய்கள் இறங்கின. ஒன்று மேஜர். நீலச் சாம்பல் நிறத்தில், ஒரு காது கிழிந்துபோன, மாடு மேய்க்கும் ஜாதிக் கிழட்டு நாய். காது மந்தம். நிழல் எங்கே இருக்கிறதோ அங்கே விழுந்து தூங்குவது அதன் தொழில். பஸ்ஸுக்கு அடியில் பின்சக்கரத்துப் பக்கம் எப்போதும் நிழல் உண்டு. நோலீன் தகரத்தில் தட்டுவது அதை எழுப்பத்தான் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. காது கேட்காவிட்டாலும் தகரத்தின் அதிர்வு அதற்குத் தெரியும். இன்னொன்று பிஸ்கட். கையளவு நாய், ஊர் அளவு வாய்.

நோலீனைப் பற்றி என்ன சொல்வது? கியோகல் பக்கம் ஒரு பால் பண்ணையில் பிறந்தவள். பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் மாடு கறந்து வளர்ந்தவள். எரால் மரம் ஏற்றும் லாரி ஓட்டினார், இவள் பள்ளிக்கூடத்து கேன்டீனில் பிள்ளைகளுக்குச் சாண்ட்விச் சுற்றிக் கொடுத்தாள். ஒரே மகள், பெர்த்தில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். எரால் வேலையிலிருந்து நின்றதும் வீட்டை விற்றார்கள். அந்த பஸ்தான் வீடு, அந்த பஸ்தான் தெரு. குளிர்காலத்தில் வடக்கே கிளாரன்ஸ் ஆறு, வெயில் காலத்தில் தெற்கே மெக்லே ஆறு, நடுவில் எங்கள் நம்பக்கா. அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. "கல்யாணம் ஆன புதுசுல ஓட்டக் கத்துக்கிட்டேன். கோழிக்கூண்ட இடிச்சேன். கோழியெல்லாம் ஓடிப்போச்சு. அதோட சரி" என்பாள்.

அவர்களிடம் ஒரு சிவப்பு கயாக் இருந்தது, இரண்டு பேர் உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒல்லிப் படகு. ஓதத்தில் கடல் ஏறி ஆற்றுக்குள் வரும்போது நீரோடு மேலே போவார்கள், இறங்கும்போது நீரோடு திரும்புவார்கள். இந்த ஆறுகளில் வயசானவர்கள் அப்படித்தான் துடுப்புப் போடுவோம், முறுக்கிக்கொண்டு எதிர்த்துப் போவதெல்லாம் சின்னப் பயல்களின் வேலை. நோலீன் முன்னால். அவள் மடியில் பிஸ்கட். நடுவில் மேஜர், மூட்டை மாதிரி. பின்னால் எரால். அவர் தோள்பலம்தான் அந்தக் கயாக்கின் இஞ்சின்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கரையிலிருந்து கிளம்பினால் திரும்பி வரும்வரை அவள் வாய் ஓயாது. "கொஞ்சம் இடது. சிப்பிப் பண்ணைக் கம்பு வருது. இன்னும் இடது. போதும். நேரா. வலது பக்கம் ஒரு படகு, ஓரமாப் போ." தண்ணீரின் மேல் குரல் தெளிவாக வரும். எங்கள் காதெல்லாம் புளித்துப்போனது. ஒருநாள் கழிப்பறைப் பக்கம் அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன்.

"ஏம்மா நோலீன், அந்த மனுஷன ஆத்துலயாவது கொஞ்சம் நிம்மதியா விடக் கூடாதா? நொய்நொய்னு. அவருக்குக் கண்ணு இல்லையா என்ன?"

அவள் கையிலிருந்த துண்டை உதறி, கயிற்றில் போட்டு, கிளிப் மாட்டினாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்.

"இல்ல, க்ளெண்டா."

எனக்குப் புரியவில்லை.

"நடுவுல இல்ல. ஓரத்துல இருக்கு. உன் மூஞ்சியப் பார்த்தா காது தெரியும், மூஞ்சி தெரியாது. குரல வச்சுத்தான் உன்னக் கண்டுபிடிக்கறாரு. ரெண்டு வருஷமா இப்படித்தான்."

"ஐயையோ! அப்ப பஸ்ஸு?"

"நான் பக்கத்துல உட்கார்ந்து சொல்றேன்ல. காலையில, கூட்டம் இல்லாத ரோட்டுல, மெதுவா."

அத்தனை பெரிய பஸ். நெடுஞ்சாலை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் போகும் ரோடு. "உனக்குப் பைத்தியமாடி பிடிச்சிருக்கு?" என்று கத்தினேன். துணி காயப்போட வந்த இன்னொருத்தி திரும்பிப் பார்த்தாள். குரலைத் தணித்துக்கொண்டேன். "டாக்டர்கிட்ட போனாரா?"

"போகல. கண்ணாடி மாத்தினா போதும்னு சொல்றாரு. அவ்வளவுதான்னு நினைக்கறாரு. இல்ல, அவ்வளவுதான்னு எனக்குக் காட்டறாரு. எனக்குத் தெரியல, எது நிஜம்னு."

"நீ சொல்லு. உனக்குக் கண்ணு போச்சு, இனி ஓட்டாதேன்னு நேரா சொல்லு."

"சொன்னா?" என்றாள் அவள். "அந்த மனுஷனுக்கு வேற என்ன இருக்கு, சொல்லு. எப்பவோ லாரியில ஏறி உட்கார்ந்தவரு இன்னும் இறங்கல. நாலு சுவத்துக்குள்ள உட்கார வச்சா ஒரு மாசம் தாங்க மாட்டாரு. அவங்க அப்பாவ அப்படித்தான் பார்த்தேன். லைசென்ஸ வாங்கி வச்சாங்க. அந்தக் குளிர்காலமே போய்ட்டாரு."

நான் மனசு இளகுகிற ஜாதி இல்லை. இந்த முகாமிலிருந்து பஸ் கிளம்புவதற்கு முன்னால் அவள் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நானே போலீஸுக்குச் சொல்வேன் என்று சொல்லிவிட்டேன். அவள் கோபப்படவில்லை. "நீ சொல்றது சரிதான்" என்றாள். கூடையை எடுத்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அவளைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவேன். அவள் தலையை ஆட்டுவாள், இன்னும் இல்லை.

அப்படியே நாள் போய்க்கொண்டிருந்தபோது மலையில் மழை பிடித்தது. எங்களிடம் ஒரு சொட்டு இல்லை. வானம் கழுவிவிட்ட மாதிரி நீலம். மேலே பெய்த மழை கீழே வர ஒரு நாள் ஆகும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அன்று காலை எராலுக்குத் தோள் வலி. நோலீன் மட்டும் பிஸ்கட்டை மடியில் வைத்துக்கொண்டு, ரொட்டியும் பாலும் வாங்க, படகுத்துறைக் கடைக்கு கயாக்கில் போனாள். அவள் வளைவைத் தாண்டி மறைந்த கொஞ்ச நேரத்தில் வெள்ள மீட்புக்காரர்களின் ஜீப் வந்தது. ஆறு ஏறுகிறது, கடலும் ஏறுகிற நேரம், எல்லா வண்டியும் மதியத்துக்குள் மேட்டிலுள்ள கண்காட்சித் திடலுக்குப் போய்விட வேண்டும் என்றார்கள்.

முகாம் எறும்புப் புற்று மாதிரி கலைந்தது. பந்தல்துணியைச் சுருட்டுகிறவன், நாயைத் தேடுகிறவள், பைப்பைப் பிடுங்குகிறவன். நான் ஒவ்வொரு வண்டியாகக் கிளப்பிக்கொண்டிருந்தேன். தண்ணீர் பழுப்பாகி, புல்லின் விளிம்பைத் தொட்டுவிட்டது. எராலின் பஸ் மட்டும் இரண்டு மரங்களுக்கு நடுவே அசையாமல் நின்றது. அவர் படியில் உட்கார்ந்திருந்தார்.

"எரால், கிளம்பு" என்றான் நெவில்.

"நோலீன் வரட்டும்."

"அவ வர்றதுக்குள்ள உன் பஸ்ஸு கடலுக்குப் போயிடும். கொஞ்சம் பின்னாடி எடுத்து ஒடிச்சா நேரா ரோடு. நான் பார்த்துக்கறேன், வா."

"அவ வந்துடுவா."

நெவில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சிரித்தான். "யோவ், வாழ்க்கை பூரா லாரி ஓட்டின ஆளு! பொண்டாட்டி இல்லாம ஒரு பஸ்ஸப் பின்னாடி எடுக்கத் தெரியாதா உனக்கு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, அவசரத்தில் வருகிற சிரிப்பு. எராலின் காது சிவந்தது. அவர் எழுந்தார். நான் அப்போது அந்தக் கடைசியில், சேற்றில் சிக்கிய ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். டீசல் இஞ்சின் உறுமுகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். "நிறுத்து!" என்று ஓடினேன்.

நெவில் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று இரண்டு கையாலும் வா வா என்று காட்டினான். யாரும் தகரத்தில் தட்டவில்லை. திடீரென்று நெவில் குனிந்து பார்த்தான். கைகளைத் தலைக்கு மேல் குறுக்காக வைத்து, குதித்துக் குதித்து, நில் நில் என்று காட்டினான். கண்ணாடியில் பார்க்கிற எவனும் நிறுத்தியிருப்பான். பஸ் அதே வேகத்தில் வந்துகொண்டிருந்தது. நெவிலுக்கு அப்போதுதான் ஏதோ புரிந்தது. அவன் பக்கவாட்டில் பாய்ந்து விழுந்தான். பஸ் ஒரு தடவை மேலே ஏறி இறங்கியது.

மேஜர் கத்தவே இல்லை.

எரால் நிறுத்திவிட்டு ஜன்னலில் தலையை நீட்டினார். "என்னவோ இடிச்சுதே. என்ன அது?"

நெவில் புல்லில் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்தான். எனக்குப் பின்னால் தண்ணீர் செருப்பை நனைத்தது. இவர் இறங்கினால் இந்த பஸ் இன்றைக்கு நகராது.

"வேரு, எரால்" என்றேன். "மரத்து வேரு. நீ முன்னாடி போ. நான் ஜன்னல் பக்கம் நடந்து வர்றேன். நான் சொல்றபடி ஓட்டு."

நோலீன் போலவே பேசிக்கொண்டு நடந்தேன். கொஞ்சம் இடது, போதும், நேரா. மேடேறும் வரை அவர் நான் சொன்னபடியே ஸ்டியரிங்கைத் திருப்பினார்.

முகாமுக்குத் திரும்பி ஆற்றங்கரையில் நான் போய் நின்றபோது நோலீன் வேகமான நீரில் கரையோரமாகத் துடுப்புப் போட்டு வந்தாள். கயிற்றைப் பிடித்து இழுத்தேன். அவள் இறங்குவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

"சரி" என்றாள்.

பிறகு கேட்டாள். "அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. வேருன்னு சொன்னேன்."

"சரி. இந்த ரொட்டியப் பிடி, நனைஞ்சிடும்."

ரொட்டியை வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்ய? அவள் பிஸ்கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கி, கயாக்கைத் திருப்பித் தண்ணீரைக் கொட்டினாள், ஒழுங்காக, சொட்டு மிச்சமில்லாமல். நெவில் தன் புது பந்தல்துணியில் மேஜரைச் சுற்றி, தன் வண்டியில் வைத்திருந்தான். திடலுக்குப் பின்னால், வேலிக்கு அந்தப் பக்கம், அவனே குழி வெட்டினான். மூச்சு வாங்க வெட்டினான். அவள் நின்று பார்த்தாள். கழுத்துப் பட்டையைக் கழற்றலாமா என்று நெவில் கேட்டதற்கு, வேண்டாம், அது அவனுடையது என்றாள். அவள் கண்ணில் ஒரு ஈரம் இல்லை.

"அழுதுடு நோலீன்" என்றேன்.

"வரல. உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு, க்ளெண்டா. பல்லு பிடுங்கறதுக்கு ஊசி போட்டா வாய் எப்படி இருக்கும்? அப்படி இருக்கு, உடம்பு பூரா."

எராலிடம் அவள் சொன்னது இது: வண்டிகளின் நெரிசலைப் பார்த்து மிரண்டு மேஜர் எங்கோ ஓடிவிட்டான்.

அந்தப் பொய்யின் கூலியை அவள் அன்றைக்கே கொடுக்க ஆரம்பித்தாள். எரால் சும்மா இருக்கவில்லை. காலையிலும் மாலையிலும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு திடலைச் சுற்றி வந்தார். மந்தக் காதுக்கும் எட்டட்டும் என்று பலமாக விசில் அடித்தார். "மேஜர்! மேஜர்!" என்று கூப்பிட்டார். அவளும் கூப்பிட்டாள். வாயைக் குவித்து, முழுக் குரலில், தன் கண்ணால் புதைப்பதைப் பார்த்த நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். வேலிக்கு அருகில் வரும்போதும் குரல் தணியவில்லை. நெவில் அந்தப் பக்கம் வரவே மாட்டான். சாயங்காலச் சிரிப்புக் கூட்டத்துக்கும் வராமல் வண்டிக்குள்ளேயே கிடந்தான்.

வெள்ளம் வடியத் தொடங்கியது. நான் அவளைப் பிடித்தேன்.

"இனிமே என்ன யோசனை? உள்ளதச் சொல்லு. நாயக் கொன்னது நீதான்னு சொன்னா, சாவிய அவரே எடுத்துக் குடுத்துடுவாரு."

"குடுத்துடுவாரு" என்றாள். "அப்புறம் என்ன செய்வாரு? மேஜர குட்டியிலேருந்து தன் சட்டைக்குள்ள வச்சு வளர்த்தவரு. அவன நசுக்கிட்டேன்னு தெரிஞ்சா, அந்த மனுஷன் அதுக்கப்புறம் சோத்துல கை வைப்பாரா?"

"அப்ப நாளைக்கு ரோட்டுல ஒரு பிள்ள..."

"தெரியும்."

"தெரிஞ்சா மட்டும் போதுமா?"

"போதாது. அதுவும் தெரியும்" என்றாள். அதே குரல், ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. காலையில் போலீஸுக்குப் போன் பண்ணுவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வெறும் மிரட்டல் இல்லை, நிஜமாகவே பண்ணியிருப்பேன்.

மறுநாள் ரோடு திறந்தது. வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. எரால் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஏறி உட்கார்ந்தார். நோலீன் வாக்கி-டாக்கியோடு பின்னால் போனாள். பழக்கம் விடவில்லை, தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினாள். எட்டிப் போய் நின்றாள். நான் போனைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எரால்" என்றாள் வாக்கி-டாக்கியில்.

"சொல்லு. வரட்டா?"

"வராதே."

"ஏன்?"

"எனக்கு ஒண்ணும் தெரியல."

"என்ன தெரியல? யாராவது குறுக்க நிக்கறாங்களா?"

"அது தெரியல. எதுவும் தெரியல, எரால். என் கண்ணு போயிடுச்சு. ரொம்ப நாளா உங்கிட்ட சொல்லாம மறைச்சுட்டேன்."

இஞ்சின் நின்றது. எரால் இறங்கி, பஸ்ஸின் பக்கத்தைத் தடவிக்கொண்டே பின்னால் வந்தார். அவள் எங்கே நிற்கிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் நகரவில்லை. அவளுக்குத்தான் கண் தெரியாதே! மூச்சுச் சத்தத்தை வைத்து அவர் வந்து சேர்ந்து அவள் கையைப் பிடித்தார்.

"எவ்வளவு நாளா?"

"ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும்."

"ஒரு வருஷமா? அப்ப இத்தனை நாளும் இடது, வலதுன்னு எனக்கு எப்படிச் சொன்ன?"

"குத்துமதிப்பா."

"குத்துமதிப்பாவா!" எரால் வாயைப் பிளந்தார். "அடிப்பாவி! பசிபிக் நெடுஞ்சாலையிலயா? குத்துமதிப்பாவா? நம்ம ரெண்டு பேரையும் கொன்னிருப்பியேடி!"

"ஆமா."

"கிராப்டன் பாலத்துல?"

"அதுவும்தான்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். உடம்பு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். அவள் தலையைத் தன் நெஞ்சில் சாய்த்து, "ஏன் மறைச்ச? எங்கிட்ட ஏன் மறைச்ச? சொன்னா நான் என்ன, ரோட்டுல விட்டுட்டா போயிடுவேன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, நான் நிற்பதாக நினைத்த திசையில் நீட்டினார். "க்ளெண்டா, இத வச்சுக்க. இவ இல்லாம நான் ஓட்ட மாட்டேன். இவளுக்கு ஒரு வீடு வேணும். இனிமே அலையக் கூடாது இவ."

நான் நகர்ந்து போய் அவர் நீட்டிய இடத்தில் நின்று வாங்கிக்கொண்டேன். அவர் தோள் இரண்டும் கீழே இறங்கின. பாரம் இறக்கிய ஆள் மாதிரி இருந்தார். நோலீன் அவர் நெஞ்சிலிருந்து என்னைப் பார்த்தாள், நேராக, கண்ணை இமைக்காமல். அந்த முகத்தில் அப்போதும் ஒன்றும் இல்லை.

பஸ்ஸை யாரோ ஓர் இளஞ்ஜோடி வாங்கிக்கொண்டு போனது. போர்ட் மெக்குவாரியில், சின்ன நாய் ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்கிற ஒரு குட்டி வீட்டை மகள் போனிலேயே ஏற்பாடு செய்தாள். நான்கு சுவருக்குள் எரால் செத்துவிடுவார் என்று நோலீன் பயந்தாளே, சாகவில்லை. அவருக்கு வேலை இருந்தது. குருட்டுப் பெண்டாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

கிறிஸ்துமஸ் கழிந்து நான் ஒரு தடவை பார்க்கப் போனேன். வாசலில் இருவரும் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். எரால் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "படி இருக்கு, பார்த்து. இப்ப ரோடு. நில்லு, நான் பார்த்துச் சொல்றேன்" என்று அதிகாரமாக நடத்திக்கொண்டு போனார். அவள் தட்டுத் தடுமாறுகிற மாதிரி நடந்தாள். கார் வரும்போது மட்டும் காலில் ஏதோ தடுக்கிய மாதிரி அவரை லேசாகப் பின்னால் இழுத்தாள். நான் பின்னாலேயே போனேன். பத்திரமாகப் போய், பத்திரமாக வந்தார்கள்.

எரால் தேநீர் போட உள்ளே போனார். நாங்கள் இருவரும் தனியாக இருந்தோம்.

"ஆறு பக்கத்துலதானே இருக்கு. கயாக்ல போறியா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"கண்ணு தெரியாதவ எப்படிப் போறது?" என்றாள். "ஜன்னல்ல தெரியுது ஆறு. நான் பார்க்கறேன்னு தெரியாம பார்த்துக்கறேன். பெலிக்கன் உட்கார்ந்திருந்தா 'அதோ'ன்னு வாய் வரைக்கும் வரும். முழுங்கிடுவேன்."

"உடம்பு பூரா மரத்துப்போன மாதிரி இருக்குன்னியே, அது போச்சா?"

"இல்ல. பழகிடுச்சு. காலையில எழுந்திருக்கறேன், சாப்பிடறேன். மக போன்ல அழுதா, எனக்காக. கேட்டுக்கிட்டே இருந்தேன்."

எனக்கு ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்று தெரியாமல். எரால் தேநீரைக் கொண்டுவந்தார். பாதி தட்டில் இருந்தது. அவர் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, மேஜையிலிருந்த செய்தித்தாளை எடுத்து விரித்தார்.

"தினமும் இவளுக்குப் படிச்சுக் காட்டறேன், க்ளெண்டா. இல்லாட்டி பாவம், உலகத்துல என்ன நடக்குதுன்னு எப்படித் தெரியும்?"

நான் நோலீனைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எரால் தாளைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு படித்தார். டப்போவில் மழையாம். பெட்ரோல் விலை இறங்கப் போகிறதாம். யாரோ ஒரு மந்திரி ராஜினாமாவாம். அவர் விரித்த பக்கம் என் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. பக்கம் முழுக்க மெத்தை விளம்பரம். ஒரு பெண் மெத்தையில் படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். தேதி போன வாரத்தது. நோலீனுக்கும் அது தெரியும், அவள் அதற்கு இன்னும் அருகில் உட்கார்ந்திருந்தாள்.

"மந்திரி போனா போகட்டும். வேற என்ன போட்டிருக்கான்?" என்றாள்.

எரால் பக்கத்தைத் திருப்பினார். இந்தப் பக்கத்தில் டயர் கடை. அவர் தாளை உள்ளங்கையால் நீவினார். பிறகு குரலை மாற்றாமல் படித்தார்.

"நம்பக்கா ஆத்துக்கு மேல ஒரு பண்ணையில, வெள்ளத்தப்ப ஒரு கிழட்டு நாய் வந்து சேர்ந்துச்சாம். யாருதுன்னு தெரியலையாம். நீலச் சாம்பலாம். ஒரு காது கிழிஞ்சிருக்காம். பண்ணைக்காரன் தானே வச்சுக்கிட்டானாம். நல்லா சாப்பிடுதாம். அடுப்புப் பக்கத்துல படுத்து நாள் பூரா தூங்குதாம்."

நோலீன் ஜன்னலிலிருந்து திரும்பினாள். தாளைப் பார்த்தாள். அதைப் பிடித்திருந்த அவர் கையைப் பார்த்தாள். அவள் உதடு கோணியது. பிறகு ஒரு சத்தம் வந்தது, மாடு கத்துகிற மாதிரி, அடிவயிற்றிலிருந்து. நான் எழுந்துவிட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தபோது வராத அழுகை இப்போது வந்தது. மூக்கு ஒழுக, தோள் குலுங்க அழுதாள்.

"அழாதே, கண்ணு" என்றார் எரால், தாளைக் கீழே வைக்காமல். "நல்லா இருக்கான். பேப்பர்லயே போட்டிருக்கான் பாரு."

"இன்னொரு தடவை படி" என்றாள் அவள்.

அவர் படித்தார், முதலிலிருந்து, ஒரு சொல் மாறாமல்.